வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட். என்டகாவிரை நிறுத்தலாமா?

முற்றத்துவெயில்:
அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி உண்டு. கிட்னி மாற்று ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு, கூடவே பி வைரஸுக்கு என்டகாவிர். பி வைரஸ் டிஎன்ஏ ஒவ்வொரு முறையும் இல்லை என்றே வருகிறது. "இல்லாத வைரஸுக்கு எதற்கு மாத்திரை?" என்கிறார். ஆனால் இந்தத் தடவை கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 92-க்கு ஏறியிருக்கிறது. என்டகாவிரை நிறுத்தலாமா?

பழைய டயாலிசிஸ்காரன்:
வேண்டவே வேண்டாம் தங்கச்சி. நானும் பி கேஸ்தான், கிட்னி மாற்றியவன்தான். ரத்தத்தில் காணோம் என்பதற்காக வைரஸ் ஒழிந்துவிட்டதாக ஆகாது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் அதன் மூலம் பதுங்கிக் கிடக்கும். என்டகாவிர் அது பெருகாமல் தடுக்கும், மூலத்தைத் தொடாது. மற்றவர்களுக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தி காவலுக்கு நிற்கும். நாமோ கிட்னி நிலைக்கவேண்டுமென்று அதைத்தான் மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறோம். நிறுத்தினால் வைரஸ் மளமளவென்று பெருகி, கல்லீரலே செயலிழக்கும் அளவுக்குப் போகலாம்.

அப்புறம், என்டகாவிரை வெறும் வயிற்றில்தானே போடுகிறார்? சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்னால். நான் படுக்கப்போகும்போது போட்டுவிடுவேன். கிட்னியின் வேலை குறைந்தால் டோஸை டாக்டர் மாற்றுவார்.

கடைசிபெஞ்ச்:
எனக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் மாத்திரை 12 வாரம், வைரஸ் காலி! அந்தக் காலத்து இன்டர்ஃபெரான் ஊசி என்றால் உடம்பு கிட்னியையே நிராகரித்துவிடுமோ என்று பயப்படவேண்டும். சி குணமாகும், பி அடங்கித்தான் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வைரஸ் போனதும் கல்லீரல் சுறுசுறுப்பாகி என் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு இறங்கிவிட்டது, டோஸைக் கூட்டினார்கள்.

முற்றத்துவெயில்:
சரி, நிறுத்தவிடமாட்டேன். டிஎன்ஏ இல்லாதபோது எஸ்ஜிபிடி ஏன் ஏறுகிறது?

பழைய டயாலிசிஸ்காரன்:
பி மேலேயே பழி போடமுடியாது. புதிதாகச் சேர்த்த மருந்து, நாட்டு மருந்து, கொழுப்புக் கல்லீரல், சிஎம்வி என்ற இன்னொரு வைரஸ், எதுவாகவும் இருக்கலாம். ஹெபடைடிஸ் ஈ-யையும் கேளுங்கள். மற்றவர்களுக்குச் சில வாரங்களில் தானாகப் போகும், நமக்கு நாள்பட்டதாகத் தங்கிவிடலாம். ஆன்டிபாடி டெஸ்ட் ஏமாற்றும், ரத்தத்தில் அந்த வைரஸின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈ என்று தெரிந்தால் முதலில் டாக்ரோலிமஸைக் குறைத்துப் பார்ப்பார்கள், அசையாவிட்டால் ரிபாவிரின் என்ற வைரஸ் மருந்து. அதில் ஹீமோகுளோபின் இறங்கும், அடிக்கடி ரத்தம் பார்க்கவேண்டும். டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.