பிரேக்கிங் பேட் கரடி பொம்மை: அர்த்தம் இருக்கிறதா, ரசிகர்கள் கட்டிவிட்டதா?

திருமங்கலத்துக்காரன்:
அமெரிக்க சீரியல் பிரேக்கிங் பேட் இரண்டாம் சீசன் (2009) நேற்றுதான் முடித்தேன். தொடக்கத்தில் நீச்சல்குளம், தோட்டத்துக் குழாய், எல்லாமே கறுப்பு வெள்ளை. தண்ணீருக்குள் பாதி கருகிய கரடி பொம்மை மட்டும் ரோஸ் கலர், ஒரு கண் இல்லை. ரூம்மேட் ஒவ்வொரு கலருக்கும் ஓர் அர்த்தம் சொல்கிறான். ரோஸ் என்றால் குழந்தை மனசாம். ஹீரோ வால்டரின் மனைவிக்குத் தங்கை மேரி எப்போதும் கத்தரிப்பூ கலரில் வருவதால் ராணி மாதிரியாம். நிஜமாகவே இவ்வளவு யோசித்து எடுப்பார்களா?

எல்லீஸ் நகர் டீச்சர்:
யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சி 1, 4, 10, 13 எபிசோடுகளில் வரும். அவற்றின் தலைப்பைச் சேர்த்துப் படியுங்கள்: செவன் தர்ட்டி செவன், டவுன், ஓவர், ஏபிக்யூ (கதை நடக்கிற அல்புகர்க்கி ஊரின் சுருக்கம்). 737 விமானம் அல்புகர்க்கி மேலே விழப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் எனக்கு அது ஏமாற்றாகத்தான் பட்டது. வால்டர் வீட்டில் துப்பாக்கிச் சண்டை நடந்தது போல சீசன் முழுக்கப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் வானத்திலிருந்து இறக்கினால் எப்படி?

புதுமண்டபம் டெய்லர்:
டீச்சரம்மா, விமானம் சும்மா விழவில்லையே. வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன் சாகும்போது வால்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அப்பாவுக்கு விமானங்களுக்கு வழி சொல்கிற வேலை. மகளைப் பறிகொடுத்த மனுசன் கவனம் பிசகி, இரண்டு விமானங்கள் மோதுகின்றன. பொம்மை வந்து விழுவது வால்டர் வீட்டுக் குளத்தில். தம்பி, ரோஸுக்கு என்ன அர்த்தம் என்று தேடாதீர்கள். யார் வீட்டில் விழுந்தது என்று பாருங்கள். அது நீலப் பொம்மையாக இருந்தாலும் இதே கணக்குதான்.

மேரி ராணியெல்லாம் இல்லை. அவள் சட்டை மட்டுமல்ல, வீட்டுச் சாமான்வரை அந்தக் கலர். அதே மேரிதான் கடையில் செருப்பைத் திருடுகிறாள், குழந்தைக்கான கிரீடத்தைத் திருடித் தங்கைக்கு... இல்லை, அக்காவுக்குப் பரிசு கொடுக்கிறாள். வளையல், ஹேண்ட்பேக், செருப்பு வரை மேட்சிங் தேடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். சிலருக்கு ஆசை, சிலருக்கு வீட்டில் வேறு எதுவும் சொன்னபடி நடக்காத வீம்பு. மேரி இரண்டாவது ரகம்.

நம்ம சீரியலைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். நகையெல்லாம் அடகு போய்விட்டது என்று அழுகிற அம்மா, அயர்ன் மடிப்பு கலையாத பட்டில் தூங்கி எழுகிறாள். முகத்தை மூன்று தடவை ஜூம் செய்து என்ன பயன்? பழைய ப்ளவுஸின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டால், உள்ளே இருந்த துணி மட்டும் சாயம் போகாமல் ஒரு கோடு மாதிரி பளிச்சென்று தெரியும். புது ப்ளவுஸ் தைக்க முடியாதவள் என்று வசனமே வேண்டாம். எந்த சீரியல் அம்மாவிடமாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா?

திருமங்கலத்துக்காரன்:
அண்ணே, அந்தக் கோடு டிவியில் தெரியுமா? சேலைத் தலைப்பு மறைத்துவிடுமே.

புதுமண்டபம் டெய்லர்:
கையைத் தூக்கினால் தெரியும். தலை வாரிக்கொண்டே பேசுகிற மாதிரி காட்சி வைத்தால் போதும். கேமராவைத்தான் முகத்தைவிட்டு இறக்கமாட்டார்கள்.