புதுப்பிப்பு: பைக் ஹேண்டில்பார் அதிர்வும் கை மரத்துப்போவதும்

முந்தைய பதிவில் கேட்டது: கனமான பார் எண்ட் வெயிட் (ஹேண்டில்பார் முனைகளில் மாட்டும் எடை) போட்டால் நடுக்கம் தீருமா? ஓரளவுதான். எடை கூடினால் பாரின் இயல்பு அதிர்வெண் (பார் தன்னியல்பாக அதிரும் வேகம்) இறங்கும். நடுக்கம் வேறு ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் சுழலும் வேகத்துக்கு) நகர்ந்துவிடவும் கூடும். அதனால் முதலில் எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளை (எஞ்சினைப் பைக்கின் சட்டத்தோடு பிணைப்பவை) டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். செயின் தளர்வையும் பாருங்கள்.

வெயிட் மாட்டும்போது ஆக்சிலரேட்டர் பக்கம் கிரிப்புக்கும் வெயிட்டுக்கும் நடுவே 1–2 மி.மீ. இடைவெளி கட்டாயம். உரசினால் ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்பாது. உயிர் விஷயம் இது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்புகிறதா என்று சோதியுங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால், பெரும்பாலும் உள்ளங்கை ஓரத்து அல்நார் நரம்பு அழுந்துகிறது. மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்கும்படி பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணத்தை மாற்றி, பிடியைத் தளர்த்துங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.