ஆண்டின் பிடித்த பாடல்கள்: பதினோரு பேர் பட்டியலைக் கூட்டினால் யாருக்கும் நெருக்கமில்லாத பட்டியல் வருகிறது, என்ன செய்யலாம்?

ராகதாகம்:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் பதினோரு பேர், எல்லோருக்கும் பாட்டுதான் உயிர். வருடக் கடைசியில் ஆளுக்குப் பத்துப் பாடல் வரிசைப்படுத்தி அனுப்புவோம். அதைக் கூட்டி ஒரு பொதுப் பட்டியலும், சேர்ந்து கேட்க ஒரு பிளேலிஸ்டும் போடுவது என் வேலை. முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாவதுக்கு 9, அப்படியே இறங்கிப் பத்தாவதுக்கு 1. ஷீட்டில் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் மேலே வந்து நிற்கும் பாடல்களைப் பார்த்தால் மனசு ஒட்டவில்லை. ஆறு பேர் பட்டியலில் ஏழாவது, எட்டாவது இடத்தில் இருந்த ஒரு பாட்டு இந்த முறை முதலிடம். அதை வெறுப்பவர் யாருமில்லை, உருகுபவரும் யாருமில்லை. அதே சமயம், இரண்டு பேர் முதலிடத்தில் வைத்து, ஏன் பிடித்தது என்று பக்கம் பக்கமாக எழுதிய பாட்டு கீழே போய்விட்டது. ஐந்தரை நிமிடப் பாட்டு அது. முதல் ஒன்றரை நிமிடம் வெறும் வயலினும் ஒரு ஹம்மிங்கும்தான், அப்புறம்தான் பல்லவியே தொடங்குகிறது. ஒருமுறை பொறுமையாகக் கேட்டவர்கள் விடமாட்டார்கள். அது பத்துக்குள் வராத பட்டியலை எங்கள் பட்டியல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கூடவே சில சின்னச் சிக்கல்கள். போன வருடம் நவம்பரில் சிங்கிளாக வந்து இந்த வருடம் படத்தோடு வந்த பாட்டு எந்த வருடக் கணக்கு? ஒரே மெட்டு மூன்று மொழியில் வந்தால் ஒரு பாட்டா, மூன்றா? பிளேலிஸ்டில் சில பாடல்கள் சாம்பல் நிறமாகி, தட்டினால் பாட மறுக்கின்றன. சிலர் பாடல்களைக் கோப்பாகவே அனுப்புகிறார்கள், அவற்றைத் தொடர்ந்து ஓடவிட்டால் ஒரு பாட்டு கிசுகிசுக்கிறது, அடுத்தது காதைப் பிளக்கிறது. எது தெரிந்தாலும் சொல்லுங்கள்.

எண்சுவடி:

உங்கள் கூட்டலில் கோளாறு இல்லை, முறையின் குணமே அதுதான். 10, 9, 8 என்று இறங்கும் இந்த வழிக்கு போர்தா முறை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த ழான்-ஷார்ல் து போர்தா, அங்குள்ள அறிவியல் கழகத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க முன்வைத்த வழி. பலருக்கும் ஒத்துவரக்கூடிய ஆளைக் கண்டுபிடிக்க அது நல்ல வழி. ஆனால் நீங்கள் தேடுவது பொதுவாக ஒத்துப்போகிற பாட்டை இல்லையே, உயிரை விடுகிற பாட்டை.

நீங்கள் சொன்னதையே எண்ணாக வைத்துப் பாருங்கள். முதல் பாட்டு ஆறு பேரிடம் 6, 7, 7, 8, 8, 9 ஆகிய இடங்களில் இருக்கிறது என்று வையுங்கள். புள்ளிகள் 5, 4, 4, 3, 3, 2. மொத்தம் 21. வயலின் பாட்டுக்கு இரண்டு முதலிடம், 20. ஒரு புள்ளியில் தோற்றுவிட்டது!

யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 1975 முதல் 12, 10, 8, 7 என்று தொடங்கி 1 வரை புள்ளி தருகிறார்கள். அதுவும் சரியாகப் பத்துப் பாட்டுக்குத்தான். மூன்றாம் இடத்திலிருந்து கீழே உங்கள் கணக்கும் அதுவும் ஒன்றேதான், மேலே இரண்டு இடம் மட்டும் தூக்கலாக இருக்கும். அந்தக் கணக்கில் வயலின் பாட்டு 24, மற்றது அதே 21. ஷீட்டில் இரண்டு எண்ணை மாற்றினால் போதும், யாரிடமும் புதிதாக எதுவும் கேட்கவேண்டாம்.

பழையகேசட்:

எண்சுவடி சொன்னது உடனடி மருந்து. எனக்கு இன்னும் ஆழமான மாற்றம் பிடிக்கும். நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழ் விமர்சகர்களிடம் நடத்திய ‘பாஸ் அண்ட் ஜாப்’ வாக்கெடுப்பு 1971இல் தொடங்கியது. ஆல்பங்களுக்கு அதில் ஒரு விதி: ஒவ்வொருவர் கையிலும் 100 புள்ளி, அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும், ஒன்றுக்கு 30க்கு மேலும் போகக்கூடாது, 5க்குக் கீழும் போகக்கூடாது. இதைப் பாட்டுக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வரிசை சொல்லாத ஒன்றை இது சொல்லிவிடுகிறது. ஒருவருக்கு முதல் பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும், இன்னொருவருக்குப் பத்தும் ஏறக்குறைய சமம். 10, 9 என்று போட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி தெரிவார்கள். 100 புள்ளியைப் பங்கிடச் சொன்னால் முதல் ஆள் 30 தூக்கிக் கொடுப்பார், இரண்டாவது ஆள் பத்துக்கும் பத்துப் பத்து என்று போடுவார். ஒரு பாட்டுக்கு 30 கொடுத்தால் மற்ற ஒன்பதுக்கும் சேர்த்து 70தான் மிச்சம், அதனால் யாரும் சும்மா அள்ளி விடவும் முடியாது. மேலே சொன்ன கணக்கில் அந்த ஆறு பேரும் 5 முதல் 8 வரை கொடுத்தால் 35 பக்கம் வரும். வயலின் பாட்டுக்கு ஒருவர் 30, ஒருவர் 25 கொடுத்தால் 55.

தாளக்கட்டு:

100 புள்ளி முறையில் ஒரு ஆபத்தையும் சொல்லிவிடவேண்டும். ஒரே ஆள் கொடுக்கும் 30, ஐந்து பேர் ஐந்தைந்தாகக் கொடுக்கும் 25ஐத் தாண்டிவிடும். பதினோரு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் தன் செல்லப் பாட்டை இப்படி ஏற்றினால் பொதுப் பட்டியல் என்பதே இருக்காது. அதனால் குறைந்தது இரண்டு பேர் சொன்ன பாட்டுதான் முதன்மைப் பட்டியலுக்குள் வரலாம் என்று ஒரு வேலி போடுங்கள். ஒருவர் மட்டும் சொல்லி 20க்கு மேல் புள்ளி கொடுத்த பாடல்களுக்குத் தனியாக ஒரு பகுதி வையுங்கள். என் அனுபவத்தில் புதுப் பாட்டு கிடைப்பது எப்போதும் அந்தப் பகுதியில்தான். எல்லோருக்கும் தெரிந்த பாட்டைப் பட்டியல் பார்த்தா கேட்கப்போகிறோம்?

வரிசையே இல்லாமல் பத்துப் பாட்டுக்கும் சமமாக ஒரு ஓட்டு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் டிரிப்பிள் ஜே வானொலி நடத்தும் ‘ஹாட்டஸ்ட் 100’ அப்படித்தான் நடக்கிறது, ஆனால் அங்கே வருவது லட்சக்கணக்கான ஓட்டு. உங்கள் குழுவில் மொத்தம் 110 இடம், அதில் பெரும்பாலான பாட்டுக்கு ஒன்றோ இரண்டோ ஓட்டுதான் விழும். பாதிப் பட்டியல் சமநிலையில் நிற்கும்.

வருடக் குழப்பத்துக்கு வேண்டுமானால் ஹாட்டஸ்ட் 100 வழியைப் பிடியுங்கள். முந்தைய டிசம்பர் 1 முதல் இந்த நவம்பர் 30 வரை என்று வைத்துவிட்டால் டிசம்பரில் வரும் பாட்டுக்கும் அடுத்த வருடம் நியாயமான வாய்ப்பு கிடைக்கும். முதல்முறை பொதுவெளியில் முழுப்பாட்டாக வந்த நாள்தான் கணக்கு. டீசரில் வந்த இருபது விநாடி கணக்கில்லை. இந்த விதிப்படி உங்கள் நவம்பர் சிங்கிள் போன வருடத்துப் பாட்டு.

நடுநிசிவானொலி:

மொழி விஷயத்துக்கு எங்கள் குழுவில் வைத்திருக்கும் விதி: மெட்டும் இசைக்கோர்ப்பும் ஒன்றாக இருந்தால் ஒரே பாட்டு, புள்ளிகள் சேரும். பிளேலிஸ்டில் போடும்போது அதிகம் பேர் சொன்ன மொழிப் பதிவு. பாடகர் மாறியதால்தான் ஒருவருக்குப் பிடித்தது என்றால் அவர் அதை எழுதிக் கொடுக்கட்டும், அப்போது தனிப் பாட்டாக எடுத்துக்கொள்வோம். குரல்தானே பாதிப் பாட்டு!

நீங்கள் கேட்காத ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் வந்த பாடல்கள் உங்கள் பட்டியலில் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். நினைவிலிருந்து எழுதினால் கடைசி மூன்று மாதப் பாட்டுதான் வரும். எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் செயலியில் விருப்பப் பாடல்களைச் சேர்த்த தேதிப்படி அடுக்கி, அடியிலிருந்து மேலே வரட்டும். ஜனவரியில் பைத்தியமாகக் கேட்ட ஒரு பாட்டு அங்கே கண்ணில் படும்போது வரும் சந்தோஷமே தனி.

செயலி தரும் ஆண்டுச் சுருக்கத்தை அப்படியே நகலெடுத்து அனுப்புபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அந்தச் சுருக்கம் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வந்துவிடுவதால் வருடம் முழுவதும் அதில் இருக்காது. வீட்டில் குழந்தையைத் தூங்கவைக்க ஓடவிட்ட பாட்டுதான் அதில் முதலிடத்தில் நிற்கும். எத்தனை முறை ஓடியது என்பது வேறு, எது பிடித்தது என்பது வேறு. நாம் கேட்கும் பாடல்களைக் குறித்துவைக்கும் லாஸ்ட் எஃப்எம் சேவையின் கணக்கு கொஞ்சம் கறாரானது. பாட்டில் பாதியோ நான்கு நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடினால்தான் பதியும். ஞாபகப்படுத்திக்கொள்ள அது நல்ல துணை.

ஒலிப்பதிவுக்காரி:

சாம்பல் நிறத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: முதலில் சிங்கிளாக ஏற்றுவார்கள், அப்புறம் முழு ஆல்பம் வந்ததும் அந்த சிங்கிளை எடுத்துவிடுவார்கள். உங்கள் லிங்க் பழைய சிங்கிளைக் காட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு காரணம் நாடு. உங்கள் பதினோரு பேரில் யாராவது வேறு நாட்டில் இருந்தால், அங்கே உரிமம் இல்லாத பாட்டு அவருக்கு மட்டும் பாடாது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளக் குறி உண்டு. ஒரே பதிவு சிங்கிளில் வந்தாலும் ஆல்பத்தில் வந்தாலும் குறி மாறக்கூடாது. அது சரியாக இருந்தால் செயலி பல சமயம் தானாகவே பழையதற்குப் பதில் புதியதைப் பாடிவிடும். குறி மாற்றி ஏற்றியிருந்தால் நீங்களே தேடித்தான் மாற்றவேண்டும். அந்தக் குறியில் வருடத்தைக் காட்டும் இரண்டு இலக்கம் இருக்கிறதே என்று அதை வைத்து மேலே உள்ள வருடப் பஞ்சாயத்தைத் தீர்க்கப் போகாதீர்கள். குறி ஒதுக்கிய வருடம்தான் அது, பாட்டு வெளியான வருடமாக இருக்கவேண்டியதில்லை.

எல்லோரிடமும் லிங்க் மட்டும் வாங்காமல் பாட்டின் பெயர், ஆல்பம், பாடியவர், நீளம் நான்கையும் எழுதி வாங்குங்கள். நீளம் முக்கியம். 3:40 என்று ஒருவர் எழுதி, ஆல்பத்தில் 4:25 இருந்தால், அவர் கேட்டது வீடியோவுக்காக வெட்டிய பதிவு. இரண்டாவது இடையிசை முழுக்க அதில் காணாமல் போயிருக்கும், அவர் உருகி எழுதியது எந்தப் பதிவைப் பற்றி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து சத்தம். ஸ்ட்ரீமிங்கில் என்றால் அமைப்புகளில் வால்யூமைச் சமப்படுத்தும் தேர்வு இருக்கும். ஸ்பாட்டிஃபையில் சாதாரண நிலைக்கு இலக்கு -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு). அதற்கு மேல் ‘லவுட்’ என்ற நிலை இருக்கிறது, அதைத் தொடவேண்டாம். கோப்புகளுக்கு ரீப்ளேகெயின் என்று சத்தத்தைச் சமப்படுத்தும் ஒரு வழி இருக்கிறது. ஃபூபார்2000 மாதிரி ஒரு பிளேயரில் எல்லாக் கோப்பையும் தேர்ந்தெடுத்து ரீப்ளேகெயின் ஸ்கேன் கொடுங்கள். ‘டிராக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ‘ஆல்பம்’ வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு பாட்டும் வேறு வேறு ஆல்பத்திலிருந்து வருகிறது. கோப்புக்குள் எவ்வளவு கூட்ட, எவ்வளவு குறைக்க என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதும், பாட்டின் ஒலியைத் தொடாது. பிளேயர் அந்தக் குறிப்பைப் படிக்கும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள், அதைச் செய்யாமல் ஸ்கேன் வேலை செய்யவில்லை என்று வருபவர்கள்தான் அதிகம்.

இவற்றோடு இன்னொன்று, கேட்பவளாகச் சொல்கிறேன். பிளேலிஸ்டைத் தரவரிசைப்படி அடுக்காதீர்கள். மெதுவாகத் தொடங்கும் அந்த வயலின் பாட்டைக் குத்துப்பாட்டு முடிந்த கையோடு வைத்தால் முதல் ஒன்றரை நிமிடம் யார் காதிலும் ஏறாது. அதற்கு முன்னால் ஒரு தனிக்குரல் பாட்டு வையுங்கள்.

ராகதாகம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் பேசி 100 புள்ளி முறைக்கு வந்துவிட்டோம், இரண்டு பேர் விதியோடு. மறுபடி புள்ளி கேட்டதும் ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம்! நான் இதுவரை கவனிக்காத ஒரு பாட்டுக்கு ஒருவர் 30 கொடுத்திருக்கிறார், அது தனிப் பகுதியில் முதலில் வருகிறது. ரீப்ளேகெயினும் வேலை செய்கிறது, ஹெட்ஃபோனில் தொடர்ந்து கேட்டேன், வால்யூமைத் தொடவே இல்லை. சாம்பல் நிறத்தில் இருந்தவற்றில் ஒன்று தவிர எல்லாம் ஆல்பத்தில் கிடைத்துவிட்டன.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். பத்தாம் இடத்தில் இரண்டு பாட்டு, இரண்டுக்கும் 31 புள்ளி. ஒன்றை நான்கு பேர் சொல்லியிருக்கிறார்கள், இன்னொன்றை இரண்டு பேர். எதை எடுப்பது?

எண்சுவடி:

இதற்கு விதியை அடுத்த வருடம் பட்டியல் கேட்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு விதி செய்தால் யாருக்காவது வருத்தம் வரும். என்னைக் கேட்டால் அதிகம் பேர் சொன்னதற்கு முன்னுரிமை, அதிலும் சமம் என்றால் தனி ஆள் கொடுத்த அதிகபட்சப் புள்ளி. இந்த வருடத்துக்கு இரண்டையும் பத்தாம் இடத்திலேயே போடுங்கள். பதினோரு பேர் குழுவுக்குப் பதினோரு பாட்டு இருந்தால் என்ன குறை?

பழையகேசட்:

அப்படியே போடுங்கள். பட்டியல் முடிந்ததும் தனிப் பகுதியை இங்கேயும் பகிருங்கள், நாங்களும் கேட்கிறோம். அந்த 30 புள்ளிப் பாட்டுக்கு அவர் எழுதிய காரணத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.