ஸ்லீவ் அறுவைக்குப் பிறகு தொங்கும் வயிற்றுத் தோல்: எடுப்பதற்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

தாம்பரத்துப் பெண்:
எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை செய்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது 118 கிலோ, இப்போது 74, ஒரு வருஷமாக அதே எடைதான். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, முட்டி வலி போய்விட்டது. ஆனால் வயிற்றுத் தோல் தொங்கித் தொடைமேல் விழுகிறது. மடிப்புக்குள் வேர்த்து, பூஞ்சை பிடித்து, வெயில் காலத்தில் தோல் உரிந்து நீர் வடிகிறது. தோல் டாக்டர் க்ரீம், பவுடர், மாத்திரை எல்லாம் கொடுத்தார், போடும்போது அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். அந்த வாடைக்குப் பயந்து பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. பிளாஸ்டிக் சர்ஜன் எடுத்துவிடலாம் என்கிறார். இன்ஷூரன்ஸில் கேட்டால் போனிலேயே "அது அழகுக்குச் செய்வது, கிடையாது" என்று முடித்துவிட்டார்கள். ஸ்லீவுக்குப் பணம் கொடுத்தவர்கள்தான்! எனக்கு 36 வயது, ஒரு பையன், இரண்டாவது குழந்தை பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த அறுவை எனக்குச் சரிப்படுமா? பணம் வாங்க வழி இருக்கிறதா?

கிளெய்ம் மேசை:
மேடம், போனில் சொன்னது மறுப்பே இல்லை, அதை வைத்து மனம் உடைந்துவிடாதீர்கள். எழுத்தில், பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டு வந்தால்தான் அது மறுப்பு.

உங்கள் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் விலக்குகள் பகுதியைப் பாருங்கள். 2019-இல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான வாசகம் கொடுத்தது. ஆறாவது விலக்கு உடல் பருமன் பற்றியது, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி சிக்கல் இருந்தால் அறுவைக்கு வழி விடுகிறது. உங்கள் ஸ்லீவ் அதில்தான் பாஸாகியிருக்கும். தோல் விஷயம் எட்டாவது விலக்கில் வருகிறது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பையும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சையையும் அதே விதி விட்டுவைக்கிறது. சிகிச்சை தரும் டாக்டர் அதற்குச் சான்று கொடுக்க வேண்டும். "உடனடி" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் மறுப்பார்கள். அதனால் உங்கள் கோப்பில் பேச வேண்டியது கிருமித்தொற்று. தோல் டாக்டரின் சீட்டுகள் மாதவாரியாக, புண் வந்தபோது மடிப்பைத் தூக்கி எடுத்த தேதியுள்ள போட்டோக்கள், ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் அந்தச் சீட்டு, இதெல்லாம் வேண்டும். சர்ஜன் கடிதத்தில் "டம்மி டக்" (வயிற்றை அழகாக்கும் அறுவை) என்று ஒரு இடத்தில் எழுதினாலும் கதை முடிந்தது, செய்வது பானிகுலெக்டமி (தொங்கும் தோலை மட்டும் எடுப்பது) என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அட்மிட் ஆவதற்கு முன்பே பிரீ-ஆத், அதாவது முன் அனுமதிக் கோரிக்கை, அனுப்பிவிடுங்கள்.

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்:
மேலே சொன்ன வித்தியாசம் முக்கியம். பானிகுலெக்டமியில் தொப்புளுக்குக் கீழே தொங்கும் தோலும் கொழுப்பும் மட்டும் போகும். டம்மி டக்கில் வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைத்து, தொப்புளையும் இடம் மாற்றுவார்கள், வயிறு தட்டையாக வேண்டும் என்பவர்கள் கேட்பது அது. தோல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை ஐந்து படிகளாகக் குறிப்போம், தொடையின் மேல்பகுதிக்கு வந்தால் மூன்றாம் படி. உங்கள் சர்ஜன் அதைக் கடிதத்தில் எழுதட்டும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பொருத்தமானவர்தான்: ஸ்லீவ் முடிந்து ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது, எடை ஆறு மாதத்துக்கு மேல் நிலையாக இருக்கிறது. இனி ரத்தப் பரிசோதனைகள். ஸ்லீவ் செய்தவர்களுக்குப் புரதம், இரும்பு, பி12 குறைந்திருக்கலாம், அந்த நிலையில் வெட்டினால் தையல் சரியாக ஆறாது. இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள், இந்த அறுவையில் தையல் பிரிவதும் உள்ளே நீர் கோப்பதும் சாதாரணமாக நடப்பவை. புகையிலை எந்த வடிவிலும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிற்க வேண்டும். குழந்தை பற்றி முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு கர்ப்பமானால் ஆபத்து என்பதில்லை, ஆனால் தோல் மறுபடி விரிந்துவிடும்.

இன்னொன்று, குடலிறக்கம் இருக்கிறதா என்று ஸ்கேன் பாருங்கள். உண்மையிலேயே இருந்தால் அதைச் சரிசெய்வதற்குத் தனியாகக் கிளெய்ம் உண்டு. இல்லாததை இருப்பதாக எழுத மட்டும் யாரையும் விடாதீர்கள், பாலிசியே ரத்தாகிவிடும்.

ரேணிகுண்டா லைன்:
அக்கா, எனக்கு இந்த அறுவை ஆகிவிட்டது, அதனால் சொல்கிறேன். தழும்பு ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை வரும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உள்ளே கோக்கும் நீர் வடிய ட்யூப் வைத்தே வீட்டுக்கு அனுப்புவார்கள், முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. பையனைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் ஆறு வாரத்துக்குத் தடை போட்டார், வீட்டில் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். எனக்கு முதலில் மறுத்துவிட்டார்கள், தோல் டாக்டர் சீட்டுகளோடு மறுபரிசீலனை கேட்ட பிறகுதான் ஒரு பகுதி கிடைத்தது. ஆனால் புண் இல்லாமல் ஒரு கோடையைக் கழித்தேன், அது போதும் எனக்கு.

தாம்பரத்துப் பெண்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பழைய சீட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பாதிதான் கிடைத்தது. எழுத்திலும் மறுத்துவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?

கிளெய்ம் மேசை:
வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவே அனுமதி இல்லை, நீங்களே பேசலாம். கம்பெனி கடைசியாக மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும், அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். காணாமல் போன சீட்டுகளுக்குத் தோல் டாக்டரிடமே கேளுங்கள், பதிவேட்டைப் பார்த்து, எந்தத் தேதியில் என்ன கொடுத்தார் என்று ஒரே கடிதமாகத் தந்தாலும் செல்லும்.