லோங் பிராஞ்ச் துவக்கின் முன்கட்டையில் துளை போடலாமா?

வடக்குக்காடு:
போன கிழமை ஒரு பழைய நம்பர் 4 லீ-என்ஃபீல்ட் வாங்கினேன், பிரிட்டிஷ் இராணுவ வகைத் துவக்கு, .303 தோட்டா, கனடாவின் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்தது. முன்பு வைத்திருந்த யாரோ வேட்டைக்கு வசதியென்று முன்கட்டையை, குழலுக்குக் கீழே இருக்கிற மரத்தை, பாதியில் வெட்டி, குழலை மூடுகிற மேல்மரத்தையும் எறிந்துவிட்டார்கள், அதோடு வார் கொளுவுகிற முன்வளையமும் போய்விட்டது. நவம்பரில் மானுக்குப் போகும்போது தோளில் போட வேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று துளை போட்டுக் கொளுவி பூட்ட நினைக்கிறேன். செய்தவர்கள் சொல்லுங்கோ.

பழஞ்சாமான்:
தம்பி, முதலில் அந்த ட்றில்லைக் கீழே வையும். இது எங்கள் மிசிசாகாவில் செய்த சாமான். 1941இலிருந்து அங்கே 9 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், பரிசோதனைக் கட்டடம் இன்றைக்கும் கலைக்கூடமாக நிற்கிறது. வடக்கில் கனடிய இராணுவத்தின் ரேஞ்சர்கள் எத்தனையோ வருடம் இதைத்தான் காவிக்கொண்டு திரிந்தார்கள். வெட்டினவன் செய்த பாவம் போதாதா? முழு முன்கட்டை தேடி வாங்கும், குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நடுப்பட்டையோடு வளையமும் வந்துவிடும்.

வடக்குக்காடு:
அண்ணை, குழலின் நுனியையும் வெட்டியிருக்கிறார்கள். பயனெட் பூட்டுகிற காதுகளே இல்லை. இதற்கு முழுக்கட்டை போட்டால் மொட்டைத்தலைக்குத் தலைப்பாகை கட்டின மாதிரித்தான் இருக்கும்.

தச்சுப்பட்டறை:
சண்டைக்கு முன் ஒருக்கால் பின்கட்டையைப் பாருங்கோ. நம்பர் 4இல் அடிப்பக்கம் இரண்டு திருகாணியில் நிற்கிற வளையம் ஏற்கெனவே வரும். அது கழன்றிருந்தாலும் துளைகள் இருக்கும். அங்கே புதிதாக எதையும் துளைக்கத் தேவையில்லை.

பிரச்சினை முன்பக்கம்தான். குழல் கிடக்கிற வாய்க்காலுக்குக் கீழே மரம் மெல்லிசு, மரத்திருகாணி போட்டால் ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு வரும், துவக்கு நிலத்தில் கிடக்கும். நட் போடுகிற வகைதான் சரி. தோட்டா இல்லையென்று இரண்டு தரம் பார்த்துவிட்டு முன்கட்டையைக் கழற்று, நெம்பாமல் நேராக இறக்கு, இல்லாவிட்டால் பின்னால் இரும்போடு பொருந்துகிற மரத்தோள் உடையும். வாய்க்காலுக்குள் ஒரு உருளைக்கட்டையை இறுக்கி வைத்து, வெளியே டேப் ஒட்டி, மெதுவாகத் துளை. நட்டை உள்ளே பதித்து, மிஞ்சுகிற திருகாணியை அராவி விடு. அப்புறம் நட்டின் தலையில் வீட்டுக் கண்மையைப் பூசித் துவக்கைப் பூட்டிக் கழற்று. குழலில் மை ஒட்டினால் நட் முட்டுகிறது, இன்னும் ஆழமாகப் பதிக்க வேண்டும். முட்டினால் சுடுகிற குண்டு எங்கே போகுமென்று சொல்ல முடியாது.

பழஞ்சாமான்:
இவ்வளவு வில்லங்கம் எதற்கு? குழலைச் சுற்றிப் பட்டை போட்டு அதில் வளையம் வை, மரத்தில் ஒரு துளையும் விழாது. பெரிய விலங்குகளுக்கான ஆங்கிலேயத் துவக்குகளில் அப்படித்தானே செய்தார்கள்.

தச்சுப்பட்டறை:
அவை யானைத் துவக்குகள் அண்ணை. உதைக்கிற உதையில் முன்கட்டைக் கொளுவி விரலைக் கிழிக்கும், அதனால் குழலுக்குத் தள்ளி வைத்தார்கள். .303க்கு அந்தப் பயம் இல்லை. பட்டையைப் பற்றவைக்கக் குழலைச் சூடாக்க வேண்டும், அதைப் பழகாத கைக்கு நான் சொல்ல மாட்டேன். வாரைக் கையில் இறுக்கிச் சுடுகிறவர் என்றால் பட்டை குழலையே இழுக்கும்.

பழஞ்சாமான்:
முன்கட்டையில் பூட்டினால் மட்டும் இழுக்காதோ? மரம் வளைந்து குழலில் அழுத்தினால் அதுவும் அதே கூத்துத்தான்.

தச்சுப்பட்டறை:
அது சரி. அதனால்தான் வாரைத் தோளுக்கு மட்டும் வைத்துக்கொள், இறுக்கிச் சுடுவதென்றால் அப்படியே இறுக்கிக் குறிபார்த்துப் பழகிக்கொள் என்கிறேன்.

வடக்குக்காடு:
கழற்றிப் பார்த்தேன். பின்கட்டையில் இரண்டு துளையும் இருக்கின்றன, யாரோ மெழுகு அடைத்துச் சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள்! முன்னுக்கு, வெட்டின நுனிக்குக் கிட்ட மரம் அரை அங்குலம்கூட இல்லை. இரண்டு அங்குலம் பின்னால் தள்ளினால் நட் பதிக்க இடம் இருக்கிறது. சனிக்கிழமை துளைக்கிறேன். கண்மைக்கு மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை.

பழஞ்சாமான்:
துளைக்க முன் ஒரு படம் எடுத்துப் போடும். பார்த்து அழுகிறேன்.