ஸ்டார் ட்ரெக் புதுப்படம் 2009 மே மாசம் வருது: பழசுல எதையெல்லாம் பார்த்துட்டுப் போகணும்?

மார்த்தாண்டம்_ரசிகன்:
எல்லாருக்கும் வணக்கம். 2008 டிசம்பர்ல வரவேண்டிய ஸ்டார் ட்ரெக் 2009 மே 8-க்குத் தள்ளிப் போச்சுல்லா. விண்கப்பல் கேப்டன் கிர்க்கா கிறிஸ் பைன், அவரோட வல்கன் கிரகத்து அதிகாரி ஸ்பாக்கா சக்கரி குவின்டோ, எல்லாமே புது முகங்கள். நாங்க நாலு பேர் போகலாம்னு இருக்கோம், ஆனா யாருமே 1960-கள்ல வந்த பழைய டிவி தொடரைப் பார்த்ததில்லை. மொத்தம் 79 எபிசோடு. முதல்ல இருந்து வரிசையா பார்க்கணுமா, இல்ல பொறுக்கி எடுத்துப் பார்த்தா போதுமா? கல்ஃப்ல இருந்து வந்த டிவிடி செட் ஒண்ணு கையில இருக்கு, ஆனா இங்க உள்ள பிளேயர்ல ஓட மாட்டேங்குது. இன்னொண்ணு: நாற்பது வருசமா ஒரே முகமா பதிஞ்சுபோன ஆளை வேற ஒருத்தர் நடிச்சா எடுபடுமா?

தக்கலை1701:
வரிசையா பார்க்க வேண்டாம். ஒளிபரப்பான வரிசையே புதுசா பார்க்கிறவங்களைக் குழப்பிடும். 1966 செப்டம்பர்ல மூணாவதா வந்த 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' உண்மையில அதுக்கு முன்னாடியே எடுத்து வச்ச பைலட் (தொடரை விற்க சேனலுக்குப் போட்டுக் காட்டுற சோதனை எபிசோடு). அதுல டாக்டர் மெக்காய் கிடையாது, வேற டாக்டர். ஸ்பாக் போட்டிருக்கது வழக்கமான நீலச் சட்டை இல்லை. ஒரு கல்லறைக் கல்லுல கேப்டன் பேரு 'ஜேம்ஸ் ஆர். கிர்க்'னு இருக்கும், பிறகு வந்ததுல எல்லாம் 'ஜேம்ஸ் டி. கிர்க்'.

புதுப்படத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்தா ஏழு எபிசோடும் ஒரு படமும் போதும். எபிசோடு ஒண்ணுக்கு 50 நிமிசம்னு வச்சா எல்லாம் சேர்ந்து எட்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

முதல்ல 'தி மெனாஜரி', ரெண்டு பாகம். கிர்க்குக்கு முன்னாடி கேப்டனா இருந்த பைக் யாருன்னு இதுலதான் தெரியும். புதுப்படத்துல பைக்கா வர்றது புரூஸ் கிரீன்வுட். 'தி மெனாஜரி'க்குள்ள 'தி கேஜ்'ங்கிற முதல் பைலட்டோட காட்சிகளைச் சேர்த்திருக்காங்க. என்பிசி டிவிக்காரங்க அந்தப் பைலட்டை வேண்டாம்னு திருப்பிட்டு இன்னொண்ணு எடுக்கச் சொன்னாங்க. பைக்கா நடிச்ச ஜெஃப்ரி ஹன்டர் விலகின பிறகுதான் வில்லியம் ஷாட்னர் கிர்க்கா வந்தார். உங்க கடைசிக் கேள்விக்குப் பாதி பதில் இதுலயே இருக்கு: இந்தத் தொடர் பிறக்கும்போதே ஆள் மாத்திதான் பிறந்தது.

அடுத்து 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. ரோமுலன்கள்ங்கிற எதிரி இனம் முதல் தடவை முகம் காட்டுறது இங்கதான். புது வில்லன் நீரோவும் ரோமுலன்தான் (எரிக் பானா). நீர்மூழ்கிக் கப்பல் வேட்டை மாதிரி ரெண்டு கப்பல் ஒண்ணையொண்ணு மோப்பம் பிடிக்கும்; எதிரியோட காது ஸ்பாக் காது மாதிரியே இருக்கதைப் பார்த்ததும் சொந்தக் கப்பல்காரனே ஸ்பாக்கைச் சந்தேகப்படுவான். தவற விடவே கூடாது.

பிறகு 'அமோக் டைம்' (ஸ்பாக்கோட சொந்த வல்கன் கிரகம்), 'மிரர், மிரர்' (இன்னொரு பிரபஞ்சம்), 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' (1930-கள்ல ஒரு உயிர் தப்பினதால மொத்த வரலாறும் மாறிப்போறது). எதிர்காலத்துல இருந்து ஒருத்தன் வந்து கதையைத் திருப்புறதுதான் புதுப்படம், அதனால இதுல கடைசி ரெண்டும் முக்கியம். அப்புறம் 'ஜர்னி டு பேபல்', ஸ்பாக்கோட அப்பா அம்மா வர்றது.

இதுல ஒரு சிக்கல் உண்டு. 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'ல ரோமுலன் தளபதியா நடிச்ச மார்க் லெனார்டேதான் 'ஜர்னி டு பேபல்'ல ஸ்பாக்கோட அப்பா சாரெக். ரெண்டையும் ஒரே ராத்திரியில போட்டா, அந்தத் தளபதிதான் அப்பனோன்னு பார்க்கிறவங்க நினைச்சிருவாங்க. ஒரு வாரமாவது இடைவெளி விடுங்க.

கடைசியா 1982-ல வந்த 'தி ராத் ஆஃப் கான்' படம். அதோட தொடக்கத்துல வர்ற கோபயாஷி மாரு பரீட்சையைக் கவனமா பாருங்க. ஜெயிக்கவே முடியாதபடி அமைச்ச அந்தப் பரீட்சையை கிர்க் எப்படித் தாண்டினான்னு இதுல வாயாலதான் சொல்லுவாங்க, காட்ட மாட்டாங்க.

குழித்துறை_டிவிடி:
அந்த செட் ஓடாததுக்குக் காரணம் ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பிளேயர்ல ஓடணும்னு டிஸ்க்ல போட்டிருக்க பூட்டு. கல்ஃப் டிஸ்க் எல்லாம் ரீஜன் 2, நம்ம நாடு ரீஜன் 5. பிளேயர் மாடல் நம்பரைப் போட்டுத் தேடிப் பாருங்க, நிறைய பிளேயர்ல ரிமோட்ல ஒரு எண் வரிசை அடிச்சா எல்லா ரீஜனும் திறந்திரும். கம்ப்யூட்டர் டிரைவ்ல ரீஜன் மாத்தப் போறீங்கன்னா சூதானமா இருங்க: அஞ்சு தடவைதான் மாத்த முடியும், கடைசியா வச்சதுலயே பூட்டிக்கும்.

டிஸ்க் பால் (PAL) டிவி முறையில இருந்தா படம் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலா 25-ல ஓடும். 50 நிமிச எபிசோடு 48 நிமிசத்துல முடியும், குரல் கொஞ்சம் கீச்சுன்னு கேட்கும். டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு நினைச்சிர வேண்டாம்.

அகல டிவின்னா படத்தை 4:3-ல வையுங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். 'ஜூம்' போட்டா மேலயும் கீழயும் வெட்டிரும், முகத்தை நெருக்கத்துல காட்டுற இடத்துல ஸ்பாக்கோட புருவமே காணாமப் போயிரும். அந்த ஆள் பாதி நடிப்பு புருவத்துலதான் நடிக்கிறார். 2006-க்குப் பிறகு ரீமாஸ்டர் பண்ணின (படத்தைச் சுத்தப்படுத்தின) பதிப்புல விண்வெளிக் காட்சிகளை கம்ப்யூட்டர்ல புதுசா செய்து சேர்த்திருக்காங்க. பழைய மாடல் கப்பலைப் பார்க்கணும்னா பழைய டிவிடியே நல்லது.

திருவட்டாறு_அரங்கு:
எடுபடுமான்னு கேட்டிருந்தீங்க. கதகளி பார்க்கிற ஊர் நம்மளது. துரியோதனன் வேஷத்தை இந்த வருசம் ஒருத்தர், அடுத்த வருசம் இன்னொருத்தர் கட்டுவார். பழையவரை அப்படியே காப்பி அடிச்சாரான்னு யாரும் பார்க்க மாட்டாங்க, வேஷம் நின்னுதான்னுதான் பார்ப்பாங்க. அதே கண்ணோட இந்தப் படத்தையும் பாருங்க. ஷாட்னர் மாதிரி வார்த்தையை நிறுத்தி நிறுத்திப் பேசினா கிறிஸ் பைன் மிமிக்ரிக்காரரா ஆயிருவார். கிர்க் நாற்காலியில உட்கார்ற திமிர், தப்பு பண்ணியாவது ஆளைக் காப்பாத்துற அவசரம், அது ரெண்டும் இருந்தா போதும். மெக்காய்க்கு (கார்ல் அர்பன்) எரிச்சலுக்கு அடியில பாசம் தெரியணும். குவின்டோவுக்குத்தான் கஷ்டம்: லியோனர்ட் நிமோயே வயசான ஸ்பாக்கா அதே படத்துல வர்றார், ஒப்பிடாம இருக்க முடியாது. ஷாட்னர் இல்லைன்னு ரொம்ப பேருக்கு வருத்தம். 1994-ல வந்த 'ஜெனரேஷன்ஸ்' படத்துலயே அவர் கிர்க் செத்துப்போனதா காட்டியாச்சு.

'கவுன்ட்டவுன்'னு நாலு இதழ் காமிக்ஸ் 2009 ஜனவரியில இருந்து வருது. நீரோ எங்க இருந்து வந்தான்ங்கிற முன்கதை முழுக்க அதுல இருக்கு. படம் பார்த்த பிறகு படியுங்க.

தக்கலை1701:
இங்கிலீஷ்லதான் பார்க்கணும்னா திருவனந்தபுரம் தியேட்டர்களையும் பார்த்து வையுங்க. தம்பானூர்ல கைரளி தியேட்டர் ரயில் ஸ்டேஷன் பக்கம்தான். குழித்துறையில ரயில் ஏறினா நேரா அங்க இறங்கலாம். செகண்ட் ஷோவுக்குப் போறதுன்னா திரும்பி வர்ற பஸ் நேரத்தை முன்கூட்டியே ஸ்டாண்டுல கேட்டு வச்சுக்கோங்க.