புதுப்பிப்பு: டோக்கியோவில் மீன் சேராத ஜப்பானியச் சாப்பாடு

போய்விட்டு வந்தாயிற்று. சுத்த சைவமான அம்மாவுக்கு டோக்கியோவில் ஜப்பானியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் 'டீஸ் டான்டான்' (T's TanTan) என்ற உணவகம். பால்கூடச் சேர்க்காத கடை. எள் விழுது கரைத்த ராமெனை (சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ்) அம்மா கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டார். ஒன்று மட்டும் எதிர்பார்க்கவில்லை: கடை டிக்கெட் கேட்டைத் தாண்டி உள்ளே இருக்கிறது. ரயில் ஏறாதவர்கள் நுழைவுச் சீட்டு வாங்கலாம், ஆனால் 2 மணி நேரம்தான் கெடு.

'காய்கறி உடோன் (சாற்றில் வரும் தடித்த கோதுமை நூடுல்ஸ்) போதுமே' என்ற யோசனைதான் சரிப்படவில்லை. மேலே காய்தான், அடியில் இருக்கும் சாறு கட்சுவோபுஷி, அதாவது உலர்ந்த சூரை மீன் சீவலில் இறக்கியது. நல்லவேளை, கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.